மோப்பம் அண்ணாச்சியின் பித்தளை உருளை

மோப்பம் அண்ணாச்சிக்குத் தெரியாத இஞ்சின் சாமான் பூமியில் இன்னும் வார்க்கப்படவில்லை. பாளையங்கோட்டையில் அவருக்குப் பழைய இரும்புக் கடை. பழங்காலக் கார் பைத்தியங்கள் கொச்சியிலிருந்தெல்லாம் பெயர் தெரியாத சாமான்களைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அண்ணாச்சி முதலில் முகர்வார். பிறகு சுண்டிப் பார்த்துக் காதில் வைப்பார். அப்படியும் சந்தேகம் என்றால் நாக்கு நுனி.

"ஆயில் பம்புக்குள்ள கிடக்க பல்சக்கரம் வே. இங்கிலாந்து வண்டி. கடைசியா கழட்டினவன் இடதுகைக்காரன்" என்பார். வந்தவர் ஆடிப்போவார்.

அவருக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்று. எந்த மூட்டையிலோ வந்த பித்தளை உருளை. அதை மேசைமேல் வைத்திருந்தார். வருகிறவர்கள் தங்கள் சாமானைக் காட்டுமுன் அதைப் பார்த்தாக வேண்டும்.

"ஜெர்மன்காரன் மூணே மூணு வண்டி செஞ்சான். அதுல ஒண்ணோடது. என்னைக்காவது ஒருத்தன் தேடி வருவான், பாரும்."

இருபது வருஷமாக ஒருத்தனும் வரவில்லை.

அண்ணாச்சியும் நானும் ஒரே கோயில்; தேவாலயத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அங்கே காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஆர்கன், பாட்டுக்குப் பாட்டு கிரீச்சிடும். அண்ணாச்சி முதல் வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பார். "இது கார் இல்லாம போச்சே வே. ஒரு நிமிசத்துல சொல்லிருவேன்."

போன வருஷம் எலிப்புழுக்கை கூட்ட ஆர்கனின் பின்பலகையைக் கழற்றினேன். இடது மிதியின் வார், ஒரு பித்தளை உருளைமேல் ஓடியது. வலது மிதியில் உருளை இல்லை. வார் கட்டையில் உரசிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் மேசையில் இருப்பது இதன் ஜோடி. எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்து பயம் வந்தது. அவருடைய ஜெர்மன் வண்டியைப் பறிக்க மனசில்லாமல் பலகையை மூடிவிட்டேன்.

அப்புறம் மணிமுத்தாறில் பழங்காலக் கார் கண்காட்சி வந்தது. எல்லாச் சாமானும் அசலாக இருக்க வேண்டும், அண்ணாச்சி சொன்னால் போதும் என்றார்கள். என் அப்பா சாகும்வரை 'அசல், அசல்' என்று துடைத்து வைத்த காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் பெயரை அங்கே எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கண்காட்சிக்காரர்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள்.

அண்ணாச்சி குனிந்து முகர்ந்தார். "கார்புரேட்டர் இதோடது இல்ல வே. சேரன்மாதேவி பக்கம் வயலுக்குத் தண்ணி எறச்ச பம்புசெட்டோடது. சேத்து வாடை இன்னும் அடிக்கி. ஒங்க அப்பாதான் மாத்திருக்காரு."

நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"ஒங்க ஜெர்மன் உருளை நம்ம கோயில் ஆர்கனோடது அண்ணாச்சி. வாராவாரம் கிரீச்சிடுதது அது இல்லாமத்தான்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கண்காட்சிக்கும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்த உருளையை அண்ணாச்சி எடுத்து முகர்ந்தார். சுண்டி, வெகுநேரம் காதில் வைத்திருந்தார்.

"எப்பம் பாத்தீரு?"

"போன வருசம்."

"ஒரு வருசமா தெரியுமா வே?"

சனிக்கிழமை அவரே வந்து உருளையை மாட்டிவிட்டுப் போனார். இப்போது யார் எந்தச் சாமானைக் கொண்டுவந்தாலும் கையில்கூட வாங்குவதில்லை. "எனக்கென்ன தெரியும். எடைக்குன்னா போடும்" என்கிறார். கோயிலில் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். ஆர்கன் சுத்தமாகப் பாடுகிறது. குறையைக் கண்டுபிடித்ததாகப் பாதிரி ஐயர் என்னைத்தான் பாராட்டினார். அந்தக் கார்புரேட்டர் பம்புசெட்டோடதுதான், விசாரித்துவிட்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் கை துறுதுறுக்கிறது. அந்த உருளையைக் கழற்றி, பழையபடி அவர் மேசைமேல் வைத்து, "இது என்னதுன்னே தெரியலையே அண்ணாச்சி" என்று சொல்ல வேண்டும்.