மங்கம்மா தலைமையில் அளவளாவல்

ராயபுரம் குழந்தைப் பள்ளி ஆசிரியை தாஹிராவுக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. இனிமேல் காலையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு பிள்ளை தலைமை ஏற்றுப் பேச்சை நடத்த வேண்டும். ஆசிரியை வாய் திறக்கவே கூடாது. மொழி தானாக வளருமாம். சீமையில் அப்படித்தான் வளர்கிறதாம்.

மீன்காரி முத்தம்மாவின் மகள் மங்கம்மா தலைவியானாள். சிலேட்டுப் பலகைகளை மீன்களாக அடுக்கி வைத்து ஏலம் விட்டாள். அதுவரை 'ஆஜர்' தவிர எதுவும் பேசாத பிள்ளைகள் விலை கேட்டன, சண்டை போட்டன, அப்பன் படகு கவிழ்ந்த கதையைச் சொல்லி அழுதன. தாஹிரா பிரம்பை அலமாரிக்குள் வைத்தாள்.

பார்வையிட வந்தார் இன்ஸ்பெக்டர் ரகுபதி. நாற்காலியில் அமரப் போனவரை மங்கம்மா தடுத்தாள்.

"வட்டத்துல குந்து நைனா."

ரகுபதி உத்தரவைப் பிரித்துப் படித்தார். தலைமை குழந்தையுடையது என்றே இருந்தது. வெள்ளைக் கால்சராயோடு தரையில் அமர்ந்தார்.

"இன்னா மீனு வோணும்?"

தாம் சைவம் என்றார் அவர்.

"அப்ப ஏலத்துக்கு இன்னாத்துக்கு வந்தே?"

அதற்கு உத்தரவில் பதில் இல்லை.

வெளியே வந்ததும் ரகுபதி தாஹிராவைக் கடிந்துகொண்டார். குழந்தைகள் சுதந்திரமாகப் பேசலாம். ஆனால் இப்படியா பேசுவது? அவர்கள் சுயேச்சையாகப் பேச வேண்டியதைத் தாமே எழுதிக் கொடுத்து, ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்விக்கச் சொன்னார்.

"அப்புறம் குழந்தை எதுக்கு சார்?" என்றாள் தாஹிரா.

"தலைமை தாங்க" என்றார் அவர்.

தாஹிரா மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிரம்பை எடுத்தாள். மேலதிகாரிகள் வந்த அன்று மங்கம்மா எண்ணெய் வழிய வாரிய தலையோடு எழுந்து நின்றாள்.

"அன்பார்ந்த சிறார்களே, நாம் இப்போது மனம்விட்டு அளவளாவுவோமாக."

"அளவளாவினோம்" என்றன பிள்ளைகள், ஒரே குரலில். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தன. மொழி வளர்ச்சி மிகத் திருப்திகரம் என்று எழுதிவிட்டு அதிகாரிகள் போனார்கள்.

ஜன்னலோரம் கூடையோடு நின்ற முத்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆபீசர் கணக்கா பேசுது என் பொண்ணு. ஒண்ணியும் புரியல" என்று பெருமைப்பட்டாள். மறுநாளே இடுப்பில் சின்னவனோடு வந்து நின்றாள்.

"இவனையும் சேத்துக்கோ டீச்சரம்மா. வூட்ல ரொம்பப் பேசறான்."

தாஹிரா சேர்த்துக்கொண்டாள்.