கைநடுக்கம் சேர்க்கும் டிசைன்காரர்

உலகத்தைப் படைத்த நாளில், வானத்துக்கு என்ன நிறம் அடிப்பது என்று தெரியாமல் படைத்தவரே முழித்துக்கொண்டு நின்றாராம். அப்போது பக்கத்தில் நின்று, "நீலம் போடுங்க சார், ஓரத்துல மட்டும் கொஞ்சம் வெளுப்பா விடுங்க" என்று யோசனை சொன்னவர் நம் டிசைன்காரர்தான். அப்புறம் ஏன் வானம் காலையில் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம் என்று மாறிக்கொண்டே இருக்கிறது? கஸ்டமர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். சந்தேகமிருந்தால் அவரையே கேளுங்கள். நாற்காலியைத் தட்டிப் போட்டு, நீங்கள் எழுந்து போகிறவரைக்கும் சொல்லுவார்.

இந்த இனத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். விசிட்டிங் கார்டு, கடை போர்டு, நோட்டீஸ், இருமல் மருந்து டப்பாவின் மேலட்டை என்று எதைக் கேட்டாலும் செய்துகொடுக்கிற சின்னக் கடை. ஃபேன் ரிப்பேர் கடைக்கு மேலே, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டு. ஏறினால் ஒரே ஒரு அறை. அந்த அறையின் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்து நிற்பது ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த கம்ப்யூட்டர். இப்போதைய ராஜா உட்கார்ந்திருப்பது செத்துப்போன பிரிண்டரின் தலைமேல். பிரிண்டர் நிற்பது அதற்கும் முன்னால் செத்த ஸ்கேனரின் முதுகில். எதையும் தூக்கிப் போட மாட்டார். "ஒருநாள் திரும்ப வரும்" என்பார். "எது, உசிரா?" என்று கேட்டுவிட்டுப் போவார், கடையில் கணக்கும் கலரும் பார்க்கிற அவருடைய வீட்டுக்காரம்மா.

சரி, இவரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? சுலபம். எந்தக் காலத்தில் எதற்கு மவுசோ, அதை மட்டும் செய்ய மாட்டார். ஆனால் செய்ததை எல்லாம் அதுதான் என்று சத்தியம் பண்ணுவார்.

கம்ப்யூட்டர் என்பதைக் கண்ணாடி அறைக்குள் வைத்துப் பூட்டிக் காத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது நம் ஆள் ஸ்கேலும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, விரல் மரத்துப்போக ஒவ்வொரு எழுத்தாக வரைந்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல போட்டது சார், பாருங்க, கோடு எப்படி நூல் பிடிச்ச மாதிரி இருக்கு" என்பார். மேஜைமேல் உறை போட்ட கம்ப்யூட்டர் ஒன்றும் இருந்தது. உறையைத் தூக்கினால் வெறும் கூடு. கூட்டுக்குள் அவருடைய சாப்பாட்டு டப்பா. யாராவது அவசரப்படுத்தினால், "மிஷின் சூடாயிடுச்சு, நாளைக்கு வாங்க." சூடாகியிருந்தது விரல்.

பிறகு கம்ப்யூட்டர் எல்லார் வீட்டுக்கும் வந்தது. கஸ்டமரின் மச்சினன்கள் எல்லாரும் டிசைனர் ஆனார்கள். நம் ஆள் என்ன செய்தார்? ஓவியர் ஆனார். முடியை வளர்த்தார். காலையில் கடைக்குக் கிளம்புமுன் சட்டையில் இரண்டு சொட்டுச் சாயம் தெளித்துக்கொண்டார். இதற்குள் கூட்டை எறிந்துவிட்டு நிஜமான கம்ப்யூட்டரே வாங்கியிருந்தார். அதில் எழுத்துகளைத் தட்டி, ஒவ்வொரு வளைவையும் மவுசால் லேசாக நெளித்து, கோட்டுக்குக் கோடு ஒரு நடுக்கம் சேர்த்தார். அந்த நடுக்கத்துக்கென்றே கம்ப்யூட்டருக்குள் தனி அடுக்கு வைத்திருந்தார். அடுக்கின் பெயர் 'கை'. கஸ்டமர் அந்தக் காகிதத்தைத் தடவிப் பார்த்து உருகுவார். "மிஷின்ல இது வராது சார், இதுக்கு மனசு வேணும்" என்று இவரும் சேர்ந்து உருகுவார்.

இது ஏமாற்று இல்லையா? அவரும் அதை யோசித்தார். கஸ்டமர் எதை நம்ப ஆசைப்படுகிறாரோ அதை வரைந்து கொடுப்பதுதானே டிசைன் என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டார். பதில் சொல்வதில் ஆள் படு சுறுசுறுப்பு. டெலிவரியில்தான் கொஞ்சம் முன்னேபின்னே.

அப்புறம் ஏஐ வந்தது. "இதெல்லாம் நாலு நாள் கூத்து" என்று படிக்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு, கதவுக்கு முட்டுக்கொடுத்ததை நகர்த்தி, கதவைச் சாத்திக்கொண்டு, அதனிடம் ரகசியமாக லோகோ கேட்டார். அதற்குள் கஸ்டமர்களே நேராக அதனிடம் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் படியேறுவது நின்றது. கடைசியில் மிச்சம் ஒரே ஒரு பெரிய கஸ்டமர், மூக்குக்கண்ணாடி விற்கிற கண்ணாடிக்கடைக்காரர். தங்க ஃபிரேம் போட்டு, அதன் மேல்வழியாக உலகத்தைப் பார்க்கிறவர். புதிதாகச் சில கிளைகள் திறக்கப்போகிறார். அந்த வேலை கிடைத்தால் கடை நடக்கும். போனால் அறையைப் பூட்டி, சாவியைக் கீழே ஃபேன்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கண்ணாடிக்கடைக்காரர் வந்து, தன் மருமகன் போனில் போட்டுக் காட்டிய டிசைன்கள் எல்லாம் யாரோ ஒருத்தருடைய கடை மாதிரி இருக்கின்றன என்று அலுத்துக்கொண்டார். "எனக்கு உங்க பழைய கை வேணும். என் முதல் போர்டுல இருக்கே, அந்தக் கை."

அந்தக் கை எங்கே இருக்கிறது? கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிற கம்ப்யூட்டருக்குள்.

தூசி தட்டினார். கெஞ்சினார். பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். திரும்ப வரவில்லை. ஏஐயிடம் கேட்டால், கண்ணாடிக்குப் பின்னால் சூரியன் உதிக்கிற மாதிரி ஒன்றைப் போட்டு அவருக்கே வாழ்த்துச் சொன்னது. வேறு வழியில்லாமல், காய்ந்து குச்சியாகிப்போன பிரஷ்ஷை ஊறவைத்து நிஜமாகவே வரைய உட்கார்ந்தார். கோடு இழுத்தபோதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் மவுசால் உருட்டி உருட்டி உண்டாக்கிய நடுக்கம், இப்போது கூப்பிடாமலே வந்து விரலில் குடியேறியிருந்தது. காகிதம் காகிதமாகக் கசக்கிப் போட்டார். ஒரு குத்தல் பேச்சு இல்லாமல் அந்த அறையைத் தாண்டாத வீட்டுக்காரம்மா, அன்றைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிரஷ்ஷைக் கழுவிக் கழுவிக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் வந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது உங்க கை மாதிரி இல்லையே. மிஷின்ல போட்டீங்களா? பழசுல நடுக்கம் ஒரு அளவா இருக்கும். இதுல கண்டபடி இருக்கு."

பதிலுக்குப் பஞ்சமே இல்லாத மனிதர் வாயைத் திறந்தார், மூடினார்.

"அண்ணே, பழைய போர்டுதான் மிஷின்," என்றார் வீட்டுக்காரம்மா. "இதுதான் கை."

டிசைன்காரர் மேலே சுற்றாத ஃபேனைப் பார்த்தார். கண்ணாடிக்கடைக்காரர் தங்க ஃபிரேமைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, காகிதத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொரு கோடாக ஆராய்ந்தார்.

"கழட்டினாத்தான் நல்லாத் தெரியுதா அண்ணே?" என்று வீட்டுக்காரம்மா மெதுவாகக் கேட்டார்.

அவர் அவசரமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஆனால் அதற்குள் மேஜைமேல் கிடந்ததை எல்லாரும் பார்த்தாயிற்று. அடியிலிருந்த எழுத்து, அந்தக் கண்ணாடி வழியாகப் பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. பவர் இல்லாத வெறும் கண்ணாடி. வெறுங்கண்ணோடு உட்கார்ந்திருக்கிறவனிடம் யாரம்மா கண்ணாடி வாங்குவார்கள் என்று முனகினார் மனிதர். முதலில் சிரித்தது வீட்டுக்காரம்மா.

"இதையே எல்லாக் கடைக்கும் போடுங்க," என்று எழுந்தார் கண்ணாடிக்கடைக்காரர். "ஆனா இந்த விஷயம் படி இறங்கக் கூடாது."

"எந்த விஷயம்?" என்றார் டிசைன்காரர். பதில் திரும்ப வந்துவிட்டது.

இனிமேலாவது திருந்தினாரா? நல்லாக் கேட்டீர்கள். புது போர்டுகள் ஏறின கையோடு, ஜிம் வைத்திருக்கிற இளைஞன் ஒருவன் படியேறி வந்து, இது எந்த ஏஐயில் போட்டது, அதே வேண்டும் என்றான்.

"நானே பழக்கினது தம்பி," என்றார் நம் ஆள், கையை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு. "நடுங்கக் கத்துக்கத்தான் வருஷக்கணக்காச்சு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கடையில் வாங்கி வந்ததைப் பாத்திரத்தில் மாற்றி, விருந்தாளி முன்னால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டது யார்? எவரோ அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தில் பெயரை மட்டும் மாற்றி, "மனசுல இருந்து சொல்றேன்" என்று சேர்த்து அனுப்பியது யார்? எதற்கும் ஒருதடவை குனிந்து சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாயம் இரண்டு சொட்டு இருக்கப்போகிறது.

இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து, கையெழுத்துப் பத்திரிகைக்காக எழுதிய இந்தப் பக்கங்களை, அட்டைப்படம் போடுகிறவரிடமே நீட்டினாள் இதை எழுதியவள். அட்டைப்படம் போடுகிறவர் வேறு யார்? அவளைப் பெற்றவர்தான். அவர் சிரிக்காமல் முழுக்கப் படித்தார். இது யார் என்று கேட்டார். பக்கத்துத் தெருவில் ஒரு ஆள் என்று சொல்லி வைத்தாள். தலையாட்டிவிட்டு, காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நீயே கையால எழுதினதா?"

"ஆமாப்பா. ஒரே மூச்சுல."

"அடிச்சுத் திருத்தின கோடெல்லாம் ஒரே நீளத்துல இருக்கே. எரிச்சல்ல அடிச்சா பேனா காகிதத்தைக் கிழிக்கும். போன்ல தட்டிட்டு, அதைப் பாத்து எழுதிட்டு, அழகுக்கு அடிச்சிருக்கே."

அவள் ஃபேனைப் பார்த்தாள்.

"பரவாயில்லை," என்று பேனாவை அவள் பக்கம் தள்ளினார். அவர் விரல் விடுவதற்குள் அது மேஜைமேல் கொஞ்சம் தடதடத்தது. "இன்னும் ரெண்டு இடத்துல நடுங்கு. யாரும் கண்டுபிடிக்க முடியாது."