கொடிக்கு நான் போட்ட லோடு முடிச்சு

மனைவி ஊராட்சித் தலைவியாகிவிட்டால் புருஷன்மாருக்கு ஒரு நோய் வரும். பதவி அவளுக்கு, மிடுக்கு இவனுக்கு. எனக்கு அது முற்றிப்போயிருந்த சமயத்தில்தான் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து எழுபத்தைந்து வருடம் நிறைந்தது. (நாடு தப்பித்துவிட்டது. நான்தான் மாட்டிக்கொண்டேன்.)

நான் எம்.ரெட்டியபட்டிக்காரன். திருச்சுழிப் பக்கம் ஒரு கரிசல் ஊரில் பெண்ணெடுத்து, அங்கேயே வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டவன். அருப்புக்கோட்டைக்குப் பருத்தி லோடு அடிப்பது தொழில். என் மனைவி முத்துமாரிதான் அந்த ஊர்த் தலைவி. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் வெகுகாலம் இருந்தவர் பெரிய சம்சாரி, ஏகப்பட்ட நிலபுலன்காரர். அவர் பருத்திக் காட்டில்தான் என் மாமியார் இடுப்பில் மடி கட்டிக் கூலிக்குப் பருத்தி எடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். ஊர்க் கொடிக்கயிற்றில் அவர் குடும்பத்துக் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. முத்துமாரி பதவிக்கு வந்த பிறகும் கொரோனா வந்து கூட்டம் கூடவிடாமல் செய்துவிட்டது. ஊர் பார்க்க அவள் கொடியேற்றப்போவது அன்றுதான் முதல் தடவை.

"கயித்தப் புடிக்கும்போது கை நடுங்கிருமோங்க?" என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் இருக்கேன்ல?" என்றேன். அதுதான் பிரச்சினையே.

கொடி கட்டுவது வழக்கமாக ஊராட்சிச் செயலரின் வேலை. உள்ளே பூ வைத்து மடித்து, ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி சுருக்குப் போடுவார். நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"குடுங்க தம்பி. நான் கட்டுன லோடு ஒண்ணாவது சரிஞ்சிருக்கா?"

"இது லோடு இல்லண்ணே, கொடி."

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். பாதியிலயே அவுந்து பூவெல்லாம் சிந்திருச்சுன்னா தலைவி மானம் என்னத்துக்காகும்?"

கால் கிலோ செவ்வந்தியை உதிர்த்து உள்ளே திணித்தேன். (எழுபத்தைந்து வருடத்துக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?) பிறகு கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. பருத்தி மூட்டைக்குப் போடும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்தால் இன்னும் இறுகும்.

மாமியார் முன்வரிசையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாற்காலி தள்ளிப் பழைய தலைவர், கையைக் கட்டிக்கொண்டு. முத்துமாரி கயிற்றை இழுத்தாள். கை நடுங்கவே இல்லை. பொட்டலம் சர்ரென்று உச்சிக்குப் போனது. ஒரு சுண்டு சுண்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு சுண்டு. ம்ஹூம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிலைமை தெரியாமல் தேசிய கீதத்தை ஆரம்பித்துவிட்டார்கள். அது முடியும்வரை ஊரே ஒரு பொட்டலத்துக்கு சல்யூட் அடித்தது.

"ஏலே, லோடு முடிச்சா போட்ட?" என்றான் பின்னாலிருந்து என் சக டிரைவர்.

பழைய தலைவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "இதுக்கெல்லாம் பழகுன கை வேணும்த்தா."

முத்துமாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. செத்திருந்தாலாவது மரியாதையாக இருந்திருக்கும். நான் கம்பத்தில் ஏறினேன்.

எழுபத்தைந்தாவது வருடம் என்று முந்தின சாயங்காலம்தான் கம்பத்துக்குச் சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார்கள். (அடிக்கச் சொன்னதும் நான்தான்.) ஒரு ஆள் உயரம் ஏறினேன், அதே வேகத்தில் வழுக்கி வந்தேன். நெஞ்சிலிருந்து முழங்கால்வரை வெள்ளிக் கவசம் சாத்திய சாமி மாதிரி நின்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"நீங்க தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு முத்துமாரி கயிற்றை இறக்கத் தொடங்கினாள்.

"ஏத்துன கொடிய இறக்கப்படாது!" என்று பழைய தலைவர் எழுந்தார்.

"விரிஞ்சாத்தானய்யா அது கொடி. இது இன்னும் மூட்டதான்."

அவர் உட்கார்ந்துவிட்டார். மாமியார் எழுந்து வந்தார். முடிச்சைத் திருப்பிப் பார்த்தார். "நம்ம மாப்ள கைவேலதான்" என்று தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கை எடுத்து, முடிச்சின் வயிற்றில் ஒரு குத்து குத்தி நெம்பினார். எத்தனை மூட்டை அவிழ்த்த கை! முடிச்சு பல்லிளித்தது. முத்துமாரி பூ சிந்தாமல் திரும்ப மடித்து, எங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடம் போகும்போது ரிப்பன் கட்டுவாளே, அந்தப் பூ முடிச்சைப் போட்டாள். மறுபடி ஏற்றினாள். ஒரே சுண்டுதான்.

கொடி படபடவென்று விரிந்தது. ஆடிக்காற்று கால் கிலோ செவ்வந்தியையும் அள்ளிக்கொண்டுபோய்ப் பழைய தலைவர் தலையில் கொட்டியது. அவர் தலையைத் தட்டிவிடாமல் அப்படியே எழுந்து சல்யூட் அடித்தார். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்தது. பெயிண்ட் எரிச்சல் என்று சொல்லிவைத்தேன்.

அன்றிலிருந்து கொடி கட்டுவது முத்துமாரி. எனக்கு மிட்டாய் கொடுக்கும் வேலை. கயிறு இருக்கும் பக்கமே நான் போகக்கூடாது என்பது வீட்டுத் தீர்மானம். விசேஷ வீடுகளில் யாராவது இந்தக் கதையை எடுத்தால் மாமியாருக்கு வாயெல்லாம் பல்.

"கொடியில போட்டத ஒரு ஊக்க வச்சு அவுத்துட்டேன். எம்மக கழுத்துல போட்ட மூணு முடிச்சும் இவுக போட்டதுதான? அத எத வச்சு அவுக்க?"

முத்துமாரி தலையை நிமிர்த்தாமல் சொல்வாள்:

"நானும் இழுத்துப் பாத்துட்டேம்மா. இழுக்க இழுக்க இறுகுது."