கிளாஸ் விளிம்பில் லைம்

அதிகம் பேசாதவர்களை எல்லாரும் மதிப்பார்கள். ஆழமான ஆள் என்பார்கள். உண்மை வேறு. அதிகம் பேசாதவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து கேட்க மாட்டான். தனக்குத் தெரிந்ததை வைத்து முடித்துவிடுவான். நான் அந்த ரகம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அங்கேயும் கேள்வி கேட்டதில்லை.

தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலை எனக்கு. நிலக்கரி வரும், உரம் வரும், சுண்ணாம்புக்கல் வரும். அந்தக் கல் கப்பல் வந்தால் வீட்டுக்குப் போகும்போது தலையும் மீசையும் வெள்ளையாக இருக்கும். என் மனைவி பிலோமி, "கிழவர் வந்துட்டாரு" என்று சொல்லிக் கதவைத் திறப்பாள்.

எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. ஹோட்டல் படிப்பு படித்தாள். பெங்களூரில் வேலை கிடைத்தது. என்ன வேலை என்று வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

"பார்ல நிக்கேன்ப்பா. காக்டெயில் போடுதேன்."

நான் தலையாட்டினேன். பிலோமிதான் கத்தினாள். "ஊத்திக் குடுக்க வேலைக்கா ஒன்னய படிக்க வச்சோம்?"

"ஊத்திக் குடுக்க வேல இல்லம்மா, கலக்குத வேல. எது எதோட சேரும்னு தெரியணும். நீ மீன் கொழம்புக்குப் புளி பாப்பேல்லா, அதே மாதிரி."

பிலோமி மீன் குழம்பைப் பார்த்தாள். அதற்குமேல் பேச்சு வளரவில்லை. ஆனால் ஊரில் யார் கேட்டாலும் "ஹோட்டல் வேல" என்றுதான் சொல்லி வந்தோம். (பொய் இல்லை. பார் ஹோட்டலுக்குள்தான் இருந்தது.)

ஐந்து வருடம் கழித்து நம் ஊரிலேயே கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஹோட்டல் கட்டினார்கள். அதில் பார் திறக்க ஆள் தேடினார்கள். ஜெனி விண்ணப்பம் போட்டாள். அந்த ஹோட்டல் முதலாளிக்கு ஒரு கூட்டாளிக் கூட்டம் உண்டு. மாதம் ஒருமுறை கூடி பீர் ருசி பார்ப்பார்கள். அவர்கள் முன்னால் புதுசாக ஒரு காக்டெயில் போட்டுக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் வேலை. இல்லாவிட்டால் மெட்ராஸிலிருந்து ஒருவன் வரத் தயாராக இருந்தான்.

"சொந்த ஊருல, என் பேருல ஒரு பார்ப்பா," என்றாள். "இத விட்டா திரும்ப இங்கன வரவே முடியாது."

அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக்கூட இரண்டு தடவை கேட்க மாட்டாள்.

ஈஸ்டர் முடிந்த சமயம். பதநீர்க் காலம். ஜெனி பதநீரில்தான் போடுவது என்று முடிவு செய்தாள். பதநீர், வெள்ளை ரம், இஞ்சிச் சாறு, மேலே நுங்கு. உடன்குடி பக்கத்தில் எனக்குத் தெரிந்த பனையேறி உண்டு. விடியலில் போய் பதநீர் வாங்கி வந்தேன். பானைக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கிய நல்ல பதநீர். சுண்ணாம்பு தடவாவிட்டால் மதியத்துக்குள் கள்ளாகிவிடும். இது இங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். அதுதான் வினை.

மாலையில் ஜெனிக்கு உதவிக்கு வர வேண்டிய பிள்ளைக்குக் காய்ச்சல். ஜெனி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சட்டையை மாட்டினேன்.

ஹோட்டலுக்குப் போகிற வழியில் ஒன்றே ஒன்று சொன்னேன். "ஏளா, அங்கன என்னை அப்பான்னு சொல்லாத. வேலையாளுன்னு சொல்லு."

"ஏன்?"

"கப்பல் கூலி மகள்னா எளக்காரமா நெனப்பாவ."

அவள் பதில் சொல்லவில்லை. அவளும் என் பிள்ளைதானே.

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவில் முதலாளி. பக்கத்தில் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவர். பெரிய மீசை. பல் டாக்டரம்மா ஒருத்தி. இன்னும் பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் வசதியான ஆட்கள். மேஜை முழுக்க பீர் பாட்டில். கோவாவிலிருந்து ஒன்று, பாண்டிச்சேரியிலிருந்து ஒன்று.

"இது கம்பெனி பீர் இல்லப்பா. சின்ன அளவுல, கைப்பக்குவமா காய்ச்சுதது," என்று ஜெனி காதில் சொன்னாள்.

கைப்பக்குவமாகக் காய்ச்சினால் அதற்கு எங்கள் பக்கத்தில் வேறு பெயர். போலீஸ் வரும். நான் கேட்கவில்லை.

எங்கள் ஆட்கள் குடித்தால் ஒரே மடக்கு. இவர்கள் அப்படி இல்லை. முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு மோந்தார்கள். பிறகு துளி வாயில் வைத்துக் கண்ணை மூடினார்கள். ஜெபம் சொல்கிறார்களோ என்று நானும் கையைக் கட்டிக்கொண்டேன்.

"வாழப்பழ வாசம் வருது," என்றார் முதலாளி.

"கிராம்பு," என்றாள் டாக்டரம்மா.

"ஈரக் கயிறு," என்றார் கேப்டன். எல்லாரும் பலே என்றார்கள். நான் ஈரக் கயிற்றை வாழ்நாள் முழுக்கப் பிடித்தவன். அதன் வாசத்துக்குக் காசு கொடுப்பார்கள் என்று அன்றுதான் தெரியும்.

ஜெனி பின்னால் இருந்த அறையில் வேலையாக இருந்தாள். இஞ்சியைப் பிழிந்துகொண்டே எனக்குச் சொன்னாள். "அப்பா, கிளாஸ் விளிம்பு பூரா லைம் தடவி, இந்தத் தட்டுல இருக்க உப்புல ஒத்தி வச்சிருங்க. லைம் ஃப்ரிட்ஜுல டப்பால இருக்கு."

தட்டில் நம் ஊர் உப்பும் மிளகாய்த் தூளும் கலந்திருந்தது. சரி. ஃப்ரிட்ஜைத் திறந்தேன். டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சம்பழம்தான் வெட்டி அடுக்கியிருந்தது. லைம் இல்லை.

பாவம் பிள்ளை, அவசரத்தில் லைமை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் எலுமிச்சைக்கு இங்கிலீஷ் பெயர் லெமன். லெமன் சோடா, லெமன் சாதம். லைம் என்றால் கப்பலில் வருகிற சுண்ணாம்புக்கல். "இன்னைக்கு லைம்" என்று போர்மேன் சொன்னால் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு இறங்குவோம். முப்பது வருடம் மூக்கில் ஏறிய லைம். அதிலும் பதநீருக்குச் சுண்ணாம்பு போடுவது வழக்கம்தானே. பானையில் உள்ளே தடவுவார்கள். படித்த பிள்ளை, கிளாஸில் விளிம்பில் தடவச் சொல்கிறாள். எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. எதுவும் இடிக்கவே இல்லை.

மடியில் என் வெற்றிலைப் பை இருந்தது. அதில் சுண்ணாம்பு டப்பா இருந்தது.

நாலு கிளாஸுக்குள் டப்பா காலி. ஜெனி மும்முரமாக இருந்தாள். அவளை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று தெரு முனைக்கு நடந்தேன். பெட்டிக்கடை.

"அண்ணாச்சி, சுண்ணாம்பு."

"வெத்தல?"

"வேண்டாம். சுண்ணாம்பு மட்டும். நெறைய."

"வெள்ளையடிக்கப் போறீரா?"

"பாருக்கு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடுத்துக் கொடுத்தார். அவரும் என்னைப்போல அதிகம் கேட்காத ஆள்.

திரும்பி வந்து உட்கார்ந்து தடவினேன். வெற்றிலைக்குத் தடவுகிற மாதிரி, ஆள்காட்டி விரலால், சீராக. அப்புறம் உப்பில் ஒத்தினேன். உப்பு பிடித்த பிடி இருக்கிறதே! எலுமிச்சைச் சாற்றில் அப்படிப் பிடித்திருக்காது. (இது என் சொந்தக் கருத்து. பிற்பாடு ஜெனியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) சுண்ணாம்பை உப்பும் மிளகாயும் மூடிவிட்டன. ஒன்றும் தெரியவில்லை. வரிசையாக அடுக்கி வைத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஜெனி எட்டிப் பார்த்தாள்.

"சூப்பரா ஒத்திருக்கீங்கப்பா!"

அவள் கலக்கி, ஊற்றி, நுங்கு போட்டாள். கொண்டுபோய் வைத்தோம்.

முதலில் மோந்தார்கள். பிறகு விளிம்பில் வாய் வைத்தார்கள்.

"ஆகா," என்றார் கேப்டன். "காரம் ஏறுது பாத்தியளா."

"மினரல் டேஸ்ட் ஒண்ணு வருது," என்றாள் டாக்டரம்மா. "கடப்பாறைய நக்குனாப்ல."

அவள் கடல் பாறையைச் சொன்னாள் என்று பிற்பாடு விளங்கியது. முதலாளி விளிம்பை ஒரு சுற்று நக்கினார். "இதுதான் நம்ம மண்ணு ருசி!" என்றார்.

ஜெனி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

கேப்டன் மீசையைத் தடவினார். உதட்டைத் தடவினார். பிறகு எழுந்து நின்றார். "ஏலே, இது காரம் இல்ல. எரியுது!" டாக்டரம்மா நாக்கை வெளியே நீட்டி விசிறினாள். ஒருவர் பீரை எடுத்து வாயில் ஊற்றினார். முதலாளிக்கு உதடு பணியாரம் மாதிரி வந்தது. மற்றவர்களைவிட அவர் ஒரு சுற்று கூட நக்கியிருந்தார்.

"என்னம்மா போட்ட?" என்று கத்தினார்.

ஜெனி ஒரு கிளாஸை எடுத்து விளிம்பை நுனி நாக்கில் வைத்தாள். அவள் முகம் மாறியது. என் பக்கம் திரும்பினாள்.

"என்ன தடவுனீங்க?"

"லைம்."

"எந்த லைம்?"

நான் மடியிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினேன்.

என் மகள் அப்போது அழுதிருக்கலாம். ஓடியிருக்கலாம். மெட்ராஸ்காரன் என்றால் ஓடியிருப்பான். அவள் கையைத் தட்டினாள்.

"யாரும் முழுங்காதீங்க! எல்லாரும் தண்ணிய வாயில ஊத்திக் கொப்பளிச்சுத் துப்புங்க. ரெண்டு தடவ, மூணு தடவ. கேப்டன் சார், மீசையையும் கழுவுங்க."

எல்லாரும் வரிசையில் நின்றார்கள். பெரிய பெரிய ஆட்கள், கிளாஸ் கழுவுகிற தொட்டியில் துப்பினார்கள். பிறகு ஜெனி குளிர்ந்த நுங்கை வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து உதட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். வைத்துக்கொண்டார்கள். ஏலக்கூடத்தில் வரிசையாகக் கிடக்கிற விளமீன் மாதிரி வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் இல்லை.

முதலாளி நுங்கை எடுத்துவிட்டு என்னைக் கை காட்டினார். "யாரு இந்த ஆளு? எங்கன பிடிச்ச இவன?"

நான் முன்னால் போய் நின்றேன். "தப்பு என்னது முதலாளி. நான் கூலிக்கு வந்தவன். அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

"கூலிக்கு வந்தவரு இல்ல சார்," என்றாள் ஜெனி. "எங்க அப்பா."

நுங்கு தின்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஹார்பர்ல சுண்ணாம்புக்கல் இறக்குதாரு. அத இறக்கித்தான் என்னயப் படிக்க வச்சாரு. அவருக்கு லைம்னா அதான். எலுமிச்சன்னு நான் தமிழ்ல சொல்லிருந்தா தீந்துச்சு. பெங்களூர் பேச்சு பேசுனேன். தப்பு என்னது." பிறகு சொன்னாள்: "பத்து நிமிஷம் குடுங்க. திரும்பப் போடுதேன். குடிச்சிட்டு வேண்டாம்னா போயிருதேன்."

முதலில் சிரித்தது கேப்டன்தான். சிரிக்கும்போது உதடு வலித்து "ஆ" என்றார். "போடு மக்கா," என்றார். "ஒன் அப்பாவ மட்டும் நாற்காலில உக்கார வையி. கைய மடியில வச்சிக்கிடச் சொல்லு."

உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து என் மகளைப் பார்த்தேன். அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை. எங்கள் கப்பலில் பாரம் தூக்கி இறக்குகிற நல்ல விஞ்ச்மேன் ஒருவன் உண்டு. எவ்வளவு பாரம் தொங்கினாலும் முகத்தில் தெரியாது. அப்படி இருந்தாள். ஊற்றிக் கொடுக்கிற வேலை என்று நினைத்த எனக்குத் தொண்டையை என்னவோ செய்தது. (சுண்ணாம்பு இல்லை. நான் அதைக் குடிக்கவில்லை.)

இந்தத் தடவை விளிம்பில் ஒன்றும் இல்லை. இஞ்சியைக் குறைத்தாள், நுங்கைக் கூட்டினாள், உதட்டில் படாமல் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தாள். எல்லாரும் சந்தேகமாக உறிஞ்சினார்கள். யாரும் மோந்து பார்க்கவில்லை. வாழைப்பழம், கிராம்பு, கயிறு என்று யாரும் பேசவில்லை. கிளாஸ் மட்டும் காலியானது.

"இன்னொண்ணு இருக்கா?" என்றாள் டாக்டரம்மா.

முதலாளி கடைசித் துளி வரை உறிஞ்சினார். பணியார உதட்டோடு ஜெனியைப் பார்த்தார். "நாக்கு வெந்து கெடக்கு. அப்பவும் உள்ள எறங்குது பாரு," என்றார். "ஒண்ணாந்தேதி வந்துரும்மா. அப்பாவக் கூட்டிட்டு வராத."

வீட்டுக்கு வரும்போது ஜெனி வண்டியை ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்கடைக்குப் போன கதையைச் சொன்னேன். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "பாருக்குன்னா சொன்னீங்க கடைக்காரர்கிட்ட?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

இப்போது வருடங்கள் ஆகிவிட்டன. அந்த பார் அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. பதநீர்க் காலத்தில் மதுரையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் நான் "ஹோட்டல் வேல" என்று சொல்வதில்லை. "பார் நடத்துதா" என்கிறேன். கோவில் வாசலிலும் அப்படித்தான் சொல்கிறேன். பிலோமி முதலில் கிள்ளினாள். இப்போது அவளே எனக்கு முந்திச் சொல்லிவிடுகிறாள்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முதலாளியும் வந்திருந்தார். வாசலில் வரவேற்க என்னை நிறுத்தியிருந்தார்கள். தட்டில் ஜூஸ் கிளாஸ். அவருக்கு ஒன்று எடுத்து நீட்டினேன். அவர் வாங்கினார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிளாஸ் விளிம்பை ஒரு சுற்று மெதுவாகத் துடைத்தார். கதை தெரிந்த கல்யாண வீடே சிரித்தது. ஜெனி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்க ஜெனி அப்பா," என்று முதலாளி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு லேசில் வராது. பேசாமல் இன்னொரு கிளாஸை எடுத்து அவர் மனைவிக்கு நீட்டினேன். அந்த அம்மாவும் கைக்குட்டையை எடுத்தார்கள்.