சைஸ் முதலாளியின் மூக்கு வழி

சொந்தக் கடையிலேயே தன் காலுக்குச் சப்பாத்து கிடைக்காத வியாபாரி உலகத்தில் ஒருவர்தான். அவர் பதுளைக் கடைவீதியில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் சைஸ் முதலாளி. பக்கத்துக் கடையில் போட்டோக் கொப்பி எடுக்கிறவன் நான்.

வருடத்துக்கு வருடம் அவர் கால் பெருத்தது. சப்பாத்துக் கம்பனிக்காரர்கள் அளவைக் குறைத்து ஏமாற்றுவதாகக் கொழும்புக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். மோதிரம் இறுகியபோது நகைக்கடைக்காரரைத் திட்டினார். கடைசியில் பல் பிடுங்கப் போன இடத்தில், அவருடைய தாடையைப் பார்த்துச் சந்தேகப்பட்ட டொக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி. அதுதான் ஆளை வளர்த்துக்கொண்டிருந்தது. மூக்கு வழியாக எடுக்க வேண்டும் என்றார்கள்.

முதலாளி பயந்துபோனார். டொக்டரைக் கேட்டுக் கேட்டு அந்த ஒப்பரேஷனின் முழுச் சரித்திரத்தையும் தெரிந்துகொண்டு வந்தார். அதற்குப் பிறகு கடைக்கு வந்த ஒருவரும் தப்பவில்லை. ஒரு சப்பாத்தை வந்தவர் காலில் மாட்டிவிட்டு, மற்றதைத் தன் மடியில் வைத்துக்கொள்வார்.

“மொதல்ல மண்டையத் தொறந்து போனாங்க. அப்புறம் மூக்கையே வெட்டி ஒரு பக்கமாத் திருப்பி வச்சாங்க. பொறகு மேலுதட்டுக்கு அடியால போனாங்க. அதையும் விட்டுட்டுத் திரும்ப மண்டைக்கே வந்தாங்க…”

“முதலாளி, லுணுகலை பஸ் போயிரும். மத்த சப்பாத்தக் குடுங்க.”

“இருங்க, கதையில இன்னும் கெமரா வரல்ல.”

ஒருநாள் கேட்டேன். “ஏண்ணே, அந்தச் சப்பாத்த ஏன் புடிச்சு வச்சுக்கிறீங்க?”

“குடுத்தாப் போயிருவாங்களே, தம்பி.”

அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கடைக்கு மேலே ஓர் அறை, அவ்வளவுதான்.

ஒப்பரேஷனுக்குப் போகும் நாளில் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிடப் போன நான், எப்படியோ பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். மூக்கு ஓட்டை வழியாகக் கெமராக் குழாயை விட்டுக் கட்டியை எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொன்னார். “மூக்குச் சிந்தவே கூடாது. மூக்கால தண்ணி மாதிரி வடிஞ்சா உடனே வரணும். வீட்டுல யாரு பாத்துக்குவாங்க?”

“எல்லாரும் இருக்காங்க, மிஸ்.”

“எல்லாரும்னா யாரு?”

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

“நான்தான், மிஸ். தம்பி” என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதால் மூக்குச் சிந்த வேண்டிவருமே என்று அடக்கிக்கொண்டது தோளில் தெரிந்தது.

கால் சுருங்கவில்லை, வளர்வது மட்டும் நின்றுவிட்டது. இப்போது ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவர் வரத் தாமதமானால் நான் சோற்றை மூடி வைத்துவிட்டு ரோட்டுக்குப் போய் நின்றுகொள்கிறேன்.