கீழ் டிவிசனுக்கு எதிரொலி போன படலம்

பனிசூழ் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில், மூன்றாம் லயத்து வரிசைவீட்டில் அவதரித்த ஆறுநரம்பு வித்தகன், கொழும்புத் துணிக்கடையில் மூன்றாண்டு சட்டை மடித்துத் தவமிருந்து கிட்டார் சத்தத்துக்கு எதிரொலி கூட்டும் ஸ்டீரியோ பெடல் என்னும் வரம்பெற்று மீண்ட தவச்செல்வன், ஒரு பாட்டு வாசிக்க நாற்பது நிமிடம் சுருதி கூட்டும் பொறுமைப் பெருங்கடல், துஷாந்த் என்னும் கோமகன் வாழ்க. அவன் விரல் வாழ்க, வயர் வாழ்க, வயரின் இரு முனைகளும் வாழ்க. கலைமகளே, உன் வீணைக்குப் பிளக் கிடையாது. ஆதலால் இந்தப் போரின் கொடுமை உனக்கு முழுதாக விளங்காது. ஆனாலும் கொஞ்ச நேரம் என் நாவில் வந்து உட்கார்ந்துகொள்.

கோமகனின் நெஞ்சம் கீழ் டிவிசன் லோஜினியிடம் சிறைப்பட்டிருந்தது. அவள் தந்தை வீரய்யாவோ, கொழுந்து மூட்டையோடு படியில் வழுக்கிக் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தபோதும், கிட்டார்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்ற கொள்கையில் மட்டும் இம்மியும் வழுக்காதவர். மகள் மாதக்கணக்கில் மன்றாடியதன் பயனாக, மாரியம்மன் தேரன்று பையன் வாசிப்பதை வீட்டில் படுத்தபடியே ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, அதன்பின் முடிவு சொல்வதாக இறங்கி வந்திருந்தார். அந்த ஒரு பாட்டில்தான் துஷாந்தின் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே தோட்டத்து மரபு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேருக்கு வடம் இரண்டு. வலப்பக்க வடம் மேல் டிவிசனுக்கு, இடப்பக்க வடம் கீழ் டிவிசனுக்கு. ஒலிபெருக்கியும் அவ்வாறே இரண்டு. மேல் லயங்களை நோக்கி ஒன்று, கீழ் லயங்களை நோக்கி ஒன்று. இரண்டிலும் ஒரே சத்தம், ஒரே அளவில் போக வேண்டும் என்பது திருவிழாக் கமிட்டியின் மாறாத சட்டம். முன்னொரு வருடம் கீழ்ப்பக்கத்து ஒலிபெருக்கி ஊமையாகிவிட, கீழ் டிவிசன் வடத்தைத் தொட மறுத்து, அம்மன் நடுப்பகல் வரை மழையில் நனைந்தாள். அன்று பிறந்தது அந்தச் சட்டம். அதைக் காக்கும் பொருட்டே, ஹட்டனிலிருந்து ஒலிபெருக்கி கொண்டுவரும் யோகேஸ்வரன், மிக்ஸரில் ஒரே சத்தத்தை இரண்டாகப் பிரித்து இருபக்கமும் அனுப்புவதை வழக்கமாக வைத்திருந்தான்.

அவ்வழக்கத்தின் மீதுதான் நம் கோமகன் படையெடுத்தான். "யோகேஸ் அண்ணே, பெடலோட ரெண்டு வயரையும் தனித்தனியா விடுங்க. லெஃப்டுல நேர் சத்தம் போகும், ரைட்டுல எதிரொலி போகும். அதுதான் ஸ்டீரியோ. ரெண்டு பக்கமும் ஒரே சத்தமா மோனோவுல வாசிக்கிறதுக்கு நான் சட்டியத் தட்டலாம்" என்று பிரகடனம் செய்தான். "தம்பி, இந்த ஸ்பீக்கருக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒரு மலையே இருக்குங்க" என்று யோகேஸ்வரன் சொல்லிப் பார்த்தான். இணையத்தில் இருபது வீடியோ பார்த்தவனிடம் மலையைப் பற்றிப் பேசி என்ன பயன்? இடது வயர் மேல் டிவிசனுக்கும் வலது வயர் கீழ் டிவிசனுக்கும் தனித்தனியே புறப்பட்டன.

பின்னர் கோமகன் இரு செவிகளிலும் ஹெட்போன் பூட்டி, விழிகளை மூடி, லோஜினிக்கென்றே தான் கட்டிய மெட்டைத் தொடுத்தான். ஆகா, என்ன நாதம், என்ன விரிவு. இடச்செவியில் நரம்பு பேச வலச்செவியில் அது மிதந்து மறைய, அவன் ஹெட்போனுக்குள் கைலாயமே குடியிருந்தது. ஹெட்போனுக்கு வெளியே நிலைமை வேறு. மேல் டிவிசன் மொட்டைக் கிட்டார் கேட்டது. கீழ் டிவிசன், ஆரம்பமும் இல்லாமல் முடிவும் இல்லாமல், ஏதோ ஒன்று போய்விட்டதன் மிச்சத்தைக் கேட்டது. இரண்டுக்கும் நடுவே தேயிலைச் சரிவில் நின்று ஸ்டீரியோவை முறையாக அனுபவித்தது மேய வந்த கறவை மாடு ஒன்றுதான், அதுவும் தலையை ஆட்டவில்லை.

பாட்டு முடிந்தபோது இடப்பக்க வடம் தரையில் கிடந்தது. கீழ் டிவிசனார் கைகட்டி நிற்க, அவர்தம் தானைத்தலைவி வீரம்மா, கொழுந்துக்காட்டில் நாற்பது பேரை ஒற்றைக் குரலில் நிரையில் நிறுத்துபவள், முன்வந்து முழங்கினாள். "மேலுக்குக் கிட்டாரு, கீழுக்கு எதிரொலியா? நாங்க என்ன கெணத்துக்குள்ளயா குடியிருக்கோம்? எங்க பக்கம் நேராக் கேக்குற வரைக்கும் வடத்துல கை வைக்க மாட்டோம்."

அதன்பின் மூண்டது இருபது நிமிடப் பெரும்போர். ஒற்றை வடத்தால் இழுத்தால் தேர் நேரே மருந்துக்கடையோரச் சாக்கடைக் கானுக்குள் இறங்கும் என்று கமிட்டித் தலைவர் அறிவித்தார். கற்பூரம் தீர்கிறது என்று பூசகர் அறிவித்தார். ஸ்டீரியோ என்றால் இப்படித்தான் இருக்கும் என்று கோமகன் மும்முறை அறிவித்தான். மழை தூறத் தொடங்கியது. அம்மன் நனைவதைக் கண்டதும் அவன் நெஞ்சு கரைந்தது. அவன் நல்ல பிள்ளைதான், வீடியோதான் அதிகம் பார்த்துவிட்டான். வரம்பெற்ற பெடலின் முன் மண்டியிட்டு, சொந்தக் கையாலேயே வலது வயரைப் பிடுங்கினான். இடது துளையில் மட்டும் வயர் இருந்தால் நேர் சத்தத்தையும் எதிரொலியையும் பெடலே சேர்த்துத் தந்துவிடும்; அத்துளையின் அடியிலேயே அது எழுதியும் இருந்தது. எழுதியிருப்பதை வாசிக்கும் பழக்கம் வீரர்களுக்கு இல்லை.

யோகேஸ்வரன் அந்த ஒரு வயரைப் பழையபடி இருபக்கமும் பிரித்துவிட்டு, மைக்கை எடுத்து, "ஹலோ, ஹலோ, ஹட்டன் யோகேஸ்வரன் பேசுறேன். கீழ் டிவிசன், இப்ப சரியாக் கேக்குதுங்களா?" என்று மலையதிர வினவினான். பின் துஷாந்த் மீண்டும் வாசித்தான். நரம்பும் எதிரொலியும் கைகோத்து இரு டிவிசன் லயங்களுக்குள்ளும் ஒருசேரப் புகுந்தன. வீரம்மா வடத்தைத் தூக்கினாள், தேர் அசைந்தது. உண்மையைச் சொன்னால், மெட்டு அழகாகவே இருந்தது.

தேர் நிலைக்கு வந்த வேளையில் கோமகனின் கைபேசிக்கு லோஜினியின் குரற்செய்தி வந்து சேர்ந்தது. உடனே திறந்து, யோகேஸ்வரன் பக்கத்தில் வயர் சுருட்டிக்கொண்டிருக்க, காதோடு வைத்துக் கேட்டான்.

"அப்பா முழுசாக் கேட்டாங்க. மொதல்ல ஸ்பீக்கரு பழுதாப் போச்சாம், அப்புறம் யோகேஸ்வரன்னு ஒருத்தர் வந்து சரி பண்ணிட்டாராம். வேல தெரிஞ்ச புள்ளன்னு ரெண்டு தடவ சொல்லிட்டாங்க. கிட்டாரப் பத்தி ஒண்ணும் சொல்லல. அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு ஒங்ககிட்ட கேட்டுச் சொல்லச் சொல்றாங்க."

யோகேஸ்வரனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.