செங்கமலம் மிஸ் நடத்திய ஆப்பிள் பாடம்

ஒரு காட்டில், அதுவும் ஆப்பிள் மரம் ஒன்றுகூட இல்லாத காட்டில், ஒரு மழலையர் பள்ளி இருந்தது. அங்கே செங்கமலம் என்ற கரடி தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். அதற்கு முன்னால் கரையான் புற்று தோண்டிப் பிழைத்தவள். மூக்கெல்லாம் மண்ணாகிற அந்தப் பிழைப்புக்குத் திரும்பிப் போக அவளுக்குத் துளியும் மனசில்லை. குட்டிகள் என்றால் அவளுக்கு உயிர்.

அந்த நேரம் பார்த்து மேலிடத்து உத்தரவு வந்தது. இனிமேல் குட்டிகளுக்கு எதையும் வாயால் சொல்லித்தரக் கூடாது. தொட்டு, முகர்ந்து, செய்து பார்த்துத்தான் படிக்க வேண்டுமாம். முதல் பாடம் ஆப்பிள். வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் செங்கமலத்துக்குப் பழையபடி புற்றுதான். நாவல், இலந்தை, நெல்லி என்று காலடியில் கொட்டிக் கிடக்கிற காட்டில் ஆப்பிளைப் போய்ப் பாடமாக வைத்த மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

செங்கமலம் அலைந்து திரிந்து, காட்டோரத்து ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பழக்கடையில் ஆப்பிள் வாங்கி வந்தாள். கூடையை நடுவில் வைத்ததும் குட்டிகள் எல்லாம் மிஸ்ஸை மேலும் கீழும் பார்த்தன.

"மிஸ், உங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்று முயல்குட்டி மெல்லக் கேட்டது.

"எனக்கென்ன, குண்டுக்கல்லாட்டம் இருக்கேன்."

"அப்ப எதுக்கு ஆப்பிள்?"

பாவம், குட்டிகள் என்ன செய்யும்? அந்தக் காட்டில் யாராவது நோயில் படுத்தால்தான் ஆப்பிள் வாங்குவார்கள். பார்க்கப் போகும்போது கையோடு கொண்டுபோவார்கள். மற்றபடி வீட்டுக்கு வாங்கித் தின்கிற வழக்கமே கிடையாது. செங்கமலம் விடவில்லை. ஆப்பிளைத் தண்ணீரில் மிதக்கவிட்டாள். குறுக்கே வெட்டி உள்ளே இருக்கும் நட்சத்திரத்தைக் காட்டினாள். பாதிப் பழத்தைச் சாயத்தில் தோய்த்து இலையில் அச்சுக் குத்தச் சொன்னாள். குட்டிகள் எல்லாவற்றையும் செய்துவிட்டு, "நல்லா ரெஸ்ட் எடுங்க மிஸ்" என்று சொல்லி வீட்டுக்குப் போயின. சாயங்காலம் யானைக்குட்டியின் அம்மா சத்துமாவோடு மிஸ்ஸைப் பார்க்க வந்துவிட்டாள். நாளைக்கு மானம் போகப்போகிறது என்று செங்கமலத்துக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அதிகாரி வந்தார். பெயர் மாசிலாமணி. காட்டெருமை. நடந்தால் தரை அதிரும்; ஜலதோஷம்கூட வந்து அறியாத உடம்பு.

அவர் கூடையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்தார். "இதை வச்சு என்ன கத்துக்கிட்டீங்க? வாயால சொல்ல வேண்டாம், செஞ்சு காட்டுங்க."

குட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு அவரைப் பிடித்துச் சாய்த்துப் படுக்கவைத்தன. மேலிடத்து உத்தரவாயிற்றே, அவரும் ஒத்துழைத்தார். ஆப்பிள் தலைமாட்டுக்குப் போனது.

அணில்குட்டி அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தது. "என்னண்ணே, இப்படிப் பாதியா இளைச்சுட்டீங்க?"

"நானா?" என்றார் மாசிலாமணி.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று யானைக்குட்டி கேட்டது.

"நான் எந்த டாக்டரையும் பாக்கலையே."

குட்டிகள் எல்லாம் சேர்ந்து உச்சுக் கொட்டின.

"எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றது முயல்குட்டி.

"இப்ப எப்படி இருக்காரு உங்க பெரியப்பா?"

"அதை விடுங்கண்ணே. நீங்க மனசைத் தளரவிடாதீங்க."

அடுத்து, நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில் பிள்ளைகள் எப்போதும் செய்கிற வேலையைச் செய்தன. அவருக்குக் கொடுத்த ஆப்பிளை அவர் கண்ணெதிரே பங்குபோட்டுத் தின்றன. வாயைத் துடைத்துக்கொண்டு, "வர்றோம்ணே" என்று எழுந்தன. முயல்குட்டி மட்டும் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பியது. சாவு வீட்டில்தானே அப்படிக் கிளம்புவார்கள்? மாசிலாமணிக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது.

"டீச்சரம்மா, பாடமெல்லாம் திருப்தி" என்றார் ஈனக்குரலில். "அந்த ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?"

அன்றைக்கு மெடிக்கல் லீவில் போனவர்தான். அவர் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை, பள்ளியைச் சோதிக்கவும் யாரும் வருவதில்லை. செங்கமலத்தின் வேலை நிலைத்துவிட்டது. நன்றி மறக்கிற கரடியா அவள்? மாசிலாமணி கொஞ்சம் தேறி எழுந்து உட்கார்ந்தார் என்று காதில் விழுந்தால் போதும், ஆப்பிளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள்.

நீதி: அதிகாரி உங்களைக் கேள்வி கேட்பதற்குள் அவர் உடம்பைப் பற்றி நீங்கள் கேட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு அவருக்கு வேறு கேள்வி தோன்றாது.